கரிசல் நிலமும் மகள் பங்கும்

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில் நிலம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகளுக்கு நகை, பாத்திரம், ரொக்கம். அதன்பின் ஆயுள் முழுக்கச் சீர். எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு, சாத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்களில் சாதிக்குச் சாதி சடங்கு மாறினாலும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறுவதில்லை. சட்டம் இதை 1956ல் கொஞ்சமும், 1989ல் பெரும்பகுதியும், 2005ல் முழுவதுமாகவும் மாற்றிவிட்டது. இந்துக் குடும்பத்தில் பிறக்கும் மகளுக்குப் பூர்வீகப் புஞ்சையில் மகனுக்குள்ள அதே பங்கு இன்று பிறப்பிலேயே உண்டு. ஆனாலும் பழைய வழக்கம் அழியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மகள் போட்டுக்கொடுக்கும் கையெழுத்தின் வழியாக அது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

இது மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, சோளம், மிளகாய், கொத்தமல்லி என்று போய், அண்மைக் காலத்தில் மக்காச்சோளம் நிறைய வந்துவிட்டது. உழவு ஆண்கள் கையில், அதாவது இப்போது டிராக்டரின் கையில். களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மிளகாய்ப்பழம் பறிப்பது, உளுந்து பிடுங்குவது எல்லாம் பெண்கள் வேலை. ஆண்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்ட வீடுகளில் விதை வாங்குவதிலிருந்து கமிஷன் கடையில் கணக்குப் பார்ப்பது வரை பெண்ணே பார்க்கிறாள். பட்டாவில் மட்டும் அவள் பெயர் இருக்காது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் சாகுபடி நிலத்தை நடத்துவோராகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம். நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 12 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. மானாவாரியில் ஐந்து ஏக்கர் இருந்தாலும் மழை பொய்த்த வருஷம் சாப்பாட்டுக்கே காணாது. அதைத் துண்டாக்கி வேறு ஊருக்குப் போன பெண்ணுக்குக் கொடுத்தால் இருக்கிறவனும் பிழைக்க முடியாது என்பார்கள். அத்தை மகனுக்கும் தாய்மாமனுக்கும் பெண் கொடுத்துச் சொத்தை உறவுக்குள்ளேயே வைத்துக்கொண்டதும் இதே கவலையால்தான். நிலத்துக்கு ஈடாகப் பிறந்த வீடு கொடுப்பது சீர். கல்யாணச் சீர்வரிசையில் தொடங்கித் தலைத்தீபாவளி, பொங்கல்படி, வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்தும்போது தாய்மாமன் சீர், பேத்தி ஆளானால் சடங்குச் சீர் என்று அது தொடரும். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி வந்த பிறகுதான் எடுப்பார்கள். ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் அடிதடி வந்தாலும், கணவன் செத்தாலும் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு இந்தச் சீர்தான் ஊரறிந்த அடையாளம். அதைச் சிறிதென்று சொல்ல முடியாது. ஆனால் சீர் கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. அண்ணன் நொடித்துப்போனாலோ, முறைத்துக்கொண்டாலோ நின்றுவிடும். பாத்திரம் தேயும், நகை அடகுக்குப் போகும். நிலம் அப்படியல்ல.

பெண்ணுக்கு நிலமே கொடுக்காத பழக்கம் எல்லா இடத்திலும், எல்லாக் காலத்திலும் இருந்ததாகவும் எண்ண வேண்டியதில்லை. மகளின் மஞ்சள், குங்குமச் செலவுக்கென்று கல்யாணத்தின்போது எழுதிக்கொடுத்த நிலத்துக்கு மஞ்சக்காணி என்று பெயர். தமிழ்நாட்டில் அது பழைய வழக்கம். தூத்துக்குடி மாவட்டத்திலேயே காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். கரிசலில் நிறைந்திருக்கும் கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை தாய்வழியே வருகிறது. பிள்ளை தாயின் கிளையைச் சேர்ந்தது, ஒரே கிளைக்குள் கல்யாணம் கிடையாது. குலத்தை அம்மா வழியாக எண்ணும் அதே வீட்டில் நிலம் மட்டும் அப்பா வழியாக இறங்கியது.

இந்த வழக்கங்களில் எது சட்டம், எது வெறும் பழக்கம் என்று தீர்மானிக்கும் வேலை பிரிட்டிஷ் காலத்தில் நீதிமன்றங்களுக்குப் போனது. அதில் மிகப் பெரிய இரண்டு வழக்குகள் கரிசலுக்குப் பக்கத்துச் சீமைகளிலிருந்தே கிளம்பின. சிவகங்கை ஜமீனை ஆண்ட கௌரி வல்லபத் தேவர் 1829ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பங்காளிகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஒருவர் தானாக அடைந்த சொத்து அவருடைய தனிச்சொத்துதான். அது பங்காளிக்குப் போகாமல் மனைவிக்கும் மகளுக்கும் போகும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1863ல் தீர்ப்பளித்தது. அடுத்த வழக்கு ராமநாதபுரம் சேதுபதி அரண்மனையில் ராணி பிள்ளை தத்தெடுத்தது பற்றியது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சாஸ்திரத்தைவிட மேலானது என்று 1868ல் அதே மன்றம் சொன்னது. வழக்கத்தைக் காட்டிப் பெண்ணுக்குக் கொடுக்கவும் முடிந்தது, மறுக்கவும் முடிந்தது.

வழக்கத்தை நிரூபிக்கச் சாட்சி சொன்னவர்கள் யார் என்பது இங்கே முக்கியம். யாழ்ப்பாணத்தின் வழக்கச் சட்டமான தேசவழமையை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ல் எழுதித் தொகுத்தபோது, சரிதானா என்று பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள், எல்லாரும் ஆண்கள். அதன்படி சீதனம் வாங்கிப் போன மகள் உடன்பிறந்தோர் இருக்கும்வரை பெற்றோர் சொத்தில் வேறு பங்கு கேட்க முடியாது. கரிசலில் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் நியாயமும் ஏறக்குறைய இதுவே.

ஆப்பிரிக்காவிலும் ஊர்த் தலைவர்கள் சொன்னதைக் காலனி அதிகாரிகள் வழக்கச் சட்டமாக எழுதிக்கொண்டார்கள். அது விடுதலைக்குப் பிறகும் நீடித்தது. தென்னாப்பிரிக்காவில் தந்தையை இழந்த இரண்டு சிறுமிகள் இருந்த வீட்டை, ஆண்வழி வாரிசு என்று தாத்தா கேட்டார். மூத்த ஆணுக்கே சொத்து என்ற விதி செல்லாது என அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2004ல் அறிவித்தது. போட்ஸ்வானாவில் பெற்றோர் வீட்டைப் பராமரித்துவந்த நான்கு முதிய சகோதரிகள், வீடு ஆண் வாரிசுக்கே என்ற வழக்கத்தை எதிர்த்து 2012ல் உயர் நீதிமன்றத்திலும், மறு வருஷம் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். இக்போ மக்களிடையே மகளைத் தகப்பன் சொத்திலிருந்து விலக்கும் வழக்கத்தை நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014ல் ரத்து செய்தது. கானாவின் அகான் மக்களிடம் சிக்கலே வேறு. அங்கே தாய்வழி மரபு. ஆண் இறந்தால் சொத்து அவனுடைய தாய்வழி உறவுக்குப் போனது, மனைவியும் பிள்ளைகளும் வெறுங்கையோடு நின்றார்கள். 1985ல் வந்த சட்டம்தான் அவர்களுக்குப் பங்கு கொடுத்தது. தாய்வழி என்பதாலேயே பெண் கையில் சொத்து வந்துவிடாது என்பதை அகான் மக்களும் கொண்டையங்கோட்டைக் கிளைகளும் ஒன்றுபோலவே காட்டுகிறார்கள்.

இந்தியாவில் மாற்றம் சட்டமன்றத்தின் வழியாக வந்தது. அதற்கு வெகு முன்பே, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937ல் மத்தியச் சட்டம் இந்து விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1941ல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னதால், புஞ்சை மட்டுமே சொத்தாக உள்ள கரிசல் விதவைக்கு அதனால் பயனில்லாமல் போனது. சென்னை மாகாணம் 1947ல் தனிச்சட்டம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் சேர்த்தது.

1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த ஆயுள்கால அனுபவத்தை முழு உரிமையாக்கியது. ஜீவனாம்சத்துக்கென்று கொழுந்தனார் ஒதுக்கிக்கொடுத்த இரண்டு ஏக்கரை உழுதுகொண்டிருந்த விதவை அன்றிலிருந்து அதன் முழுச் சொந்தக்காரி. அதை விற்கலாம், மகளுக்கு எழுதிவைக்கலாம். கணவன் சொத்து ஒருமுறை வந்து சேர்ந்துவிட்டால், பிறகு மறுமணம் செய்தாலும் போகாது. மறுமணம் பல சாதிகளில் வழக்கமாக இருந்த இந்த வட்டாரத்தில் இது சின்ன மாற்றமல்ல. மகளும் முதல் வாரிசுகளில் ஒருத்தியானாள். ஆனால் பூர்வீகச் சொத்தில் கூட்டுப் பங்காளிகள் மகன்கள் மட்டுமே என்ற பழைய விதியை அந்தச் சட்டம் தொடவில்லை.

அதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். பன்னிரண்டு ஏக்கர் பூர்வீகப் புஞ்சை. தகப்பன், தாய், இரண்டு மகன், ஒரு மகள். தகப்பன் உயில் எழுதாமல் இறக்கிறார். 1956 சட்டப்படி முதலில் தகப்பனும் இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்டதாக வைத்து ஆளுக்கு நான்கு ஏக்கர். பிறகு தகப்பனின் நான்கு ஏக்கர் மட்டும் தாய், இரண்டு மகன், மகள் என நான்கு பேருக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர். முடிவில் மகன்களுக்கு ஐந்து ஐந்து, மகளுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. 2005 திருத்தத்துக்குப் பின் மகளும் பங்காளி. ஆகவே தகப்பனுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று ஏக்கர். தகப்பனின் மூன்று ஏக்கர் நான்காகப் பிரிந்து ஆளுக்கு 75 சென்ட். பிள்ளைகள் மூவருக்கும் மூன்றே முக்கால் ஏக்கர். தாயின் பங்கு மட்டும் ஓர் ஏக்கரிலிருந்து 75 சென்டாகக் குறைகிறது. மகளுக்கு நியாயம் செய்த சட்டம், அந்த நிலத்தில் வாழ்நாளெல்லாம் களையெடுத்த தாயைப் பங்காளியாக்க மறந்தது. இதை வேண்டிய அளவு யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாடு 2005வரை காத்திருக்கவில்லை. ஆந்திரம் முன்னே போக, மு. கருணாநிதி ஆட்சியில் தமிழகம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் பூர்வீகச் சொத்தில் பங்காளியாக்கியது. ஒரு நிபந்தனை இருந்தது: அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்கு இது கிடையாது. ஒரே வீட்டில் 1985ல் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பங்கில்லை, 1992ல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு என்றானது. 2005 செப்டம்பர் 9ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பிரிவினையை நீக்கியது. அன்று தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி மட்டும் பதினைந்து வருஷம் வழக்குகளை இழுத்தது. 2020 ஆகஸ்ட் 11ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை முடித்துவைத்தது. உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் இருந்தாரா என்பது பொருட்டல்ல. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை நடந்த சொத்தை மட்டும் திறக்க முடியாது. 2022 ஜனவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசல கவுண்டர் வழக்கில், 1956க்கு முன் இறந்த தகப்பன் தானாகச் சம்பாதித்த சொத்தும் பங்காளிக்குப் போகாமல் மகளுக்கே போகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய பழைய வழக்குகளில் காத்தம நாச்சியாருடையதும் ஒன்று.

கரிசலில் நிலத்துக்கு விலை இல்லாதவரை இந்தத் தீர்ப்புகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரை கன்னியாகுமரி நான்குவழிச் சாலை வந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வந்தன. சூரிய மின்சாரத்துக்கு வெட்டவெளிப் புஞ்சையைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வாங்குகிறவரின் வக்கீல் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வரிசையாகப் பார்த்து, மகள்களின் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார். அப்போதுதான் சகோதரிகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராகிறது. கைமாறும் தொகை ஓர் ஊரில் நியாயமானதாக இருக்கும், இன்னோர் ஊரில் ஒரு சேலையும் சாப்பாடும்தான்.

கையெழுத்துப் போடும் பெண்களுக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பெரும்பாலோர் கணக்குத் தெரிந்தே போடுகிறார்கள். பங்கு கேட்டால் அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாது. மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து மாலை எடுத்துக்கொடுக்காவிட்டால் சபையில் தலைகுனிவு. நாளைக்குப் புகுந்த வீட்டில் பிரச்சினை என்றால் போக இடமில்லை. வயதான பெற்றோரை மகன்தான் பார்க்கிறான் என்ற எண்ணமும் உண்டு, பல வீடுகளில் மகள்களே பார்த்தாலும்கூட. ஓர் உறவைக் காப்பாற்ற நிலத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. அதே உறவுக்கு அண்ணன் எந்த விலையும் கொடுப்பதில்லை.

சட்டத்தின் பார்வையில் சில விஷயங்கள் தெளிவாக உள்ளன. கல்யாணத்தில் நகை போட்டதும் சீர் செய்ததும் பங்குக்கு ஈடாகாது. வெள்ளைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் முன் கைநாட்டு வைத்தது நில உரிமையை மாற்றாது; 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாக வேண்டும். தகப்பன் உயிரோடிருக்கும்போது அவருடைய தனிச்சொத்தில் மகளுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. அதை முன்கூட்டியே விட்டுக்கொடுத்ததாக எழுதுவது பொதுவாகச் செல்லாது. இன்னொரு பக்கம், முழுச் சம்மதத்தோடு பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னால் ரத்து செய்வது மிகக் கடினம்.

மகளை விலக்க விடுதலைப் பத்திரத்தைவிட அகலமான வழி உயிலும் தான செட்டில்மென்டும். தகப்பன் தன் தனிச்சொத்தை மகன்களுக்கு மட்டும் எழுதிவைத்தால் சட்டம் தடுக்காது. 1956க்குப் பிறகு தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த நிலம் மகன் கையில் தனிச்சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1986ல் சொன்னதிலிருந்து, ஊரில் பூர்வீகம் என்று பேசப்படும் புஞ்சையில் பெரும்பகுதி சட்டப்படி பூர்வீகமே இல்லை. ஆகவே 2005 திருத்தம் தொடும் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிவருகிறது.

பெண் இறந்தால் அவள் சொத்து யாருக்கு என்பதிலும் ஒரு குறை உண்டு. பிள்ளையில்லாமல், உயில் எழுதாமல் இறந்த பெண்ணுக்குப் பெற்றோரிடமிருந்து வந்த நிலம் தகப்பன் வீட்டுக்குத் திரும்பும். ஆனால் அவள் தீப்பெட்டி ஆலையில் சம்பாதித்து வாங்கிய மனை, கணவனும் இல்லையென்றால், கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய்க்கு அடுத்த இடம்தான். நாசரேத், சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மகனும் மகளும் எப்போதும் சமம், நடப்பு மட்டும் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம்போலவே இருக்கும். முஸ்லிம் மகளுக்கு மகனின் பங்கில் பாதி.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு வாரிசுச் சட்டம் எதுவும் தருவதில்லை. கரிசலில் தலித் குடும்பங்களில் பெரும்பாலானவை மற்றவர் புஞ்சையில் கூலி வேலை பார்த்தவை. 1892ஆம் வருஷத்து ஆணைப்படி அவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்களும் பல இடங்களில் பிறர் கைக்குப் போய்விட்டன. ஆதிதிராவிட, பழங்குடி நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் நன்னிலம் திட்டம் 2023ல் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

பட்டாவில் பெயர் இருப்பதன் மதிப்பு மழை பொய்க்கும் வருஷத்தில் தெரியும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன், வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமர் கிசான் உதவி எல்லாம் சிட்டாவையும் அடங்கலையும் பார்த்துத்தான் வரும். வெளியூரில் இருக்கும் அண்ணன் பெயரில் பட்டா இருந்தால் பணம் அவர் கணக்குக்குப் போகும். விதைத்த தங்கைக்கு வராது. அதேநேரம், பட்டாவில் பெயர் இல்லாததால் உரிமையே இல்லாமல் போவதுமில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, உரிமைப் பத்திரம் அல்ல.

மகளின் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் வருவாய்த்துறை அதிகாரிகளிடம் ஆட்சேபம் கொடுக்கலாம். தகப்பன் பெயரில் இருந்த சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் எந்த வருஷம் யாருக்கு எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குள் பாகம் கேட்டு வழக்குப் போட வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது; அதற்கான மனுவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் கொடுக்கலாம். வழக்குக்குப் போகாமல் அண்ணன் தம்பியை அழைத்துப் பேசி முடிக்கவும் அதே குழு சமரசம் செய்துவைக்கும்.